பாக்ஸ்டின் பச்சையும் புவாரேயின் தலைப்பாகையும்: 1910இல் ஒரு பாலே பாரிஸின் உடையை மாற்றிய கதை

1910 ஜூன் 4ஆம் தேதி இரவு, பாரிஸ் ஓபரா அரங்கில் 'ஷெஹரஸாட்' என்ற பாலே முதன்முறையாக மேடையேறியது. நடத்தியது செர்கெய் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு. இசை, ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1888இல் எழுதியது. நடனம் அமைத்தவர் மிகயில் ஃபோகின். அரங்கும் உடைகளும் லியோன் பாக்ஸ்டின் கைவண்ணம். சுல்தானின் பட்டத்து ராணியாக இடா ரூபின்ஸ்டைனும், பொன் அடிமையாக வாட்ஸ்லாவ் நிஜின்ஸ்கியும் ஆடினார்கள்.

அதன்பிறகு வந்த நான்கு வருடங்களில் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களின் பணக்காரப் பெண்கள் இறகு செருகிய தலைப்பாகை கட்டினார்கள். சிலர் கணுக்காலில் சுருங்கும் தொளதொள கால்சட்டை போட்டார்கள். பச்சைக்குப் பக்கத்தில் நீலம், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஊதா என்று உடுத்தினார்கள். வீட்டுக்குள் நாற்காலிகள் போய்த் திண்டும் தலையணையும் வந்தன. ஃபேஷன் வரலாறு எழுதுபவர்கள் பலர் இந்த மாற்றம் முழுவதையும் அந்த ஒரு இரவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்து பாரிஸின் மிகப் பெரிய உடை வடிவமைப்பாளரான போல் புவாரேயோ, கடைசிவரை அதை ஏற்கவில்லை.

இருவரில் யார் சொல்வது சரி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பின் கோட்டை மாற்றியவர் புவாரே. அது பாலேவுக்கு முன்பே நடந்துவிட்டது. பாலே கொண்டுவந்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, சண்டை போடும் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் துணிச்சல். இன்னொன்று, அதை ஒரே நேரத்தில் பார்த்து, ஒரே வாரத்தில் கேட்டு வாங்கக்கூடிய ஒரு பெண்கள் கூட்டம். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது.

அதுவரை இருந்த நிலை

1900 வாக்கில் ஒரு பாரிஸ் சீமாட்டியின் உடம்பை கோர்செட் என்ற இறுக்குக்கச்சைதான் தீர்மானித்தது. மார்பு முன்னுக்குத் தள்ளி, இடுப்பு பின்னுக்குப் போய், பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில எழுத்து எஸ் போல நிற்க வேண்டும். நிறங்களோ வெளிறியவை: வெளிர் ஊதா, வெளிர் நீலம், பாலேடு, சாம்பல். சாய வசதி இல்லாததால் இப்படி உடுத்தவில்லை. 1856இல் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து எந்தப் பளிச்சென்ற நிறமும் மலிவாகவே கிடைத்தது. அப்படிக் கிடைத்ததாலேயே பளிச்சென்ற நிறம் நாகரிகமற்றதாக எண்ணப்பட்டது. மங்கலாக உடுத்துவது பெரிய இடத்துப் பழக்கமாகிவிட்டது.

பாலே மேடையும் இதே போலத்தான் உறைந்து கிடந்தது. 1832இல் பாரிஸில் மாரி டாக்லியோனி 'லா சில்ஃபிட்' ஆடியபோது அணிந்த மணி வடிவ வெள்ளைப் பாவாடை, ஒரு காலத்தில் புதுமை. அதற்கப்புறம் பாவாடை குட்டையாகி, விறைத்து, டுட்டு ஆனது. எகிப்து ராணியாக ஆடினாலும் ஸ்பானிய ஜிப்ஸியாக ஆடினாலும் அதே டுட்டு, அதே இறுக்குக்கச்சை, அதே ரோஸ் நிறக் காலுறை. ஓரத்தில் நாட்டுக்கேற்ற ஒரு அலங்காரப் பட்டை மட்டும் மாறும். ஃபோகின் இதை வெறுத்தார். 1907இல் பீட்டர்ஸ்பர்க்கின் மரின்ஸ்கி அரங்கில் 'யூனிஸ்' என்ற ரோமானியக் கதையை அமைத்தபோது, நடனமணிகள் வெறுங்காலோடு ஆட வேண்டும் என்று கேட்டார். அரசு அரங்கம் மறுத்துவிட்டது. காலுறையின் மேல் விரல்களையும் நகங்களையும் வரைந்துதான் ஆட வைத்தார்.

இங்கே ஒரு பெயரைச் சேர்க்காமல் போக முடியாது: இசடோரா டங்கன். 1904 டிசம்பரில் அவர் கச்சையில்லாமல், வெறுங்காலோடு, மெல்லிய கிரேக்க அங்கியில் பீட்டர்ஸ்பர்க்கில் ஆடினார். அந்த ஆட்டம் ஃபோகினிலும் பாக்ஸ்டிலும் அழுத்தமாகப் பதிந்தது. அதே டங்கன் பிற்பாடு பாரிஸில் புவாரேயின் வாடிக்கையாளரும் ஆனார். கச்சையைக் கழற்றியது பாலேயா தையற்கூடமா என்று சண்டை போடுபவர்கள், இருவருக்கும் முன்னால் ஒரு அமெரிக்கப் பெண் அதைச் செய்துகாட்டினாள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மேடையில் அவர்கள் பார்த்தது

தியாகிலெவின் முதல் பாரிஸ் பருவம் 1909 மே மாதம் ஷாத்லே அரங்கில் தொடங்கியது. அந்தப் பருவத்தின் 'கிளியோபாட்ரா'விலேயே பாக்ஸ்ட் ஒரு சிறு முன்னோட்டம் காட்டிவிட்டார். ரூபின்ஸ்டைனை ஒரு மம்மி போலச் சுற்றித் தூக்கி வருவார்கள். பிறகு 12 திரைத்துணிகளை ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். ரூபின்ஸ்டைன் சின்ன வயதிலிருந்தே பயிற்சி எடுத்த நடனமணி இல்லை. உயரமாக, ஒல்லியாக, தட்டையான உடம்போடு, ஆடியதைவிட நின்றதே அதிகம். எஸ் வடிவத்தையே அழகென்று நம்பிய ஊரில், அந்த நெடிய உடம்பு வேறொரு அழகைக் காட்டியது.

அடுத்த வருடம் 'ஷெஹரஸாட்'. ஆயிரத்தொரு இரவுகளின் முன்கதையிலிருந்து எடுத்தது. சுல்தான் வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்புகிறான். அந்தப்புரப் பெண்கள் காவலனுக்கு லஞ்சம் கொடுத்து அடிமைகளை உள்ளே விடுகிறார்கள். கூத்து உச்சத்தில் இருக்கும்போது சுல்தான் திரும்பி வந்து எல்லோரையும் வெட்டிச் சாய்க்க உத்தரவிடுகிறான். ராணி தன்னைத் தானே குத்திக்கொண்டு சாகிறாள். இவ்வளவுதான் கதை.

திரை உயர்ந்ததும் கண்ணில் பட்டது ஒரு பெரிய பச்சை. மேலிருந்து மடிப்பு மடிப்பாகச் சரிந்து தொங்கும் மயில் பச்சைத் திரைச்சீலை, அதில் நீலம், கீழே செம்பவள நிறத்தில் விரிப்பு. அதன் மேல் ரோஸும் ஆரஞ்சும் நீலமும் பொன்னுமாக உடல்கள் நகர்ந்தன. பாக்ஸ்ட் நிறங்களைப் பற்றிப் பின்னாளில் ஒரு அமெரிக்கப் பத்திரிகையிடம் விளக்கியதில், ஒரே சிவப்பில் வெற்றி முழக்கமும் உண்டு, கொலையும் உண்டு என்ற பொருளில் பேசினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உணர்ச்சி உண்டு, அந்த உணர்ச்சிகளை மோத விடுவதே தன் வேலை என்றார். சோகமான பச்சை ஒன்றின் மேல் நம்பிக்கையிழந்த நீலம் ஒன்றை வைத்ததை 'ஷெஹரஸாட்'டுக்கு உதாரணமாகக் காட்டினார். அதுவரை மேடையில் உடை ஓர் ஆளுக்கு உரியது. பாக்ஸ்டிடம் நாற்பது ஆட்களின் உடைகளும் சேர்ந்து ஒரே ஓவியம். ஆட்டம் நகர நகர அந்த ஓவியமும் கலைந்து மாறும்.

தைத்த விதத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் நிறைய சூட்சுமம் இருக்கிறது. கால்சட்டை மெல்லியது, இடுப்பிலும் கணுக்காலிலும் சுருக்கியது. மேலே கச்சையில்லாத சிறு ரவிக்கை. கழுத்திலிருந்து முத்துச் சரங்கள் கீழே தொங்கி, ஆடும்போது தனியாக ஆடும். துணியில் உள்ள கோலங்கள் பெரியவை. வைர வடிவம், வட்டம், இலை என்று தெளிவான உருவங்களை அச்சுத்தகட்டில் வண்ணம் தடவிப் பதித்தார்கள், அல்லது வெட்டி ஒட்டித் தைத்தார்கள், நடுவில் உலோகக் குமிழ்களைப் பொருத்தினார்கள். கிட்டத்தில் பார்த்தால் முரட்டு வேலை. கடைசி வரிசையிலிருந்து மின்விளக்கில் பார்த்தால் அரண்மனைப் பட்டு. இந்தச் சூட்சுமத்தை உடை வடிவமைப்பாளர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். சின்னப் பூவேலையும் நுண்ணிய லேசும் போய், தூரத்திலேயே தெரியும் பெரிய கோலம் துணிக்கடைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ராவுல் டூஃபி என்ற ஓவியர் 1911இல் புவாரேக்காகவும், 1912 முதல் பியாங்கினி-ஃபெரியே என்ற லியோன் நகரப் பட்டு நிறுவனத்துக்காகவும் வரைந்த அச்சுத்துணிகளைப் பார்த்தால் இது விளங்கும்.

அரங்கத்திலிருந்து தையற்கூடத்துக்கு

ஒரு நாடக உடை எப்படித் தெருவுக்கு வருகிறது? பலரும் பார்த்து மயங்கினார்கள், அதனால் வந்தது என்பது பதிலாகாது. மயங்கி மறந்துபோன எத்தனையோ மேடைகள் உண்டு. 1910இல் சில விஷயங்கள் ஒன்றுகூடி அமைந்தன.

முதலில், அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். தியாகிலெவின் பாரிஸ் பருவங்களை ஏற்பாடு செய்தவர் கப்ரியேல் அஸ்த்ரூக். கிரெஃபூல் சீமாட்டி போன்ற மேல்தட்டுப் பெண்களின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1909 முதல் பருவத்தின் இறுதி ஒத்திகைக்கு, அவர் பாரிஸின் அழகான நடிகைகளை அழைத்து, மாடத்தின் முன்வரிசையில் பொன்முடி ஒருத்தி, கருங்கூந்தல் ஒருத்தி என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தார். அதைப் பற்றி ஊரே பேசியது. அரங்கத்துக்குள் மேடை ஒன்றில்லை, இரண்டு என்பதை அஸ்த்ரூக் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். பாலே பார்க்கப் போன பெண் தன்னையும் பார்ப்பார்கள் என்று தெரிந்தே உடுத்திக்கொண்டு போனாள். அப்படிப் போனவள் மேடையில் ஒரு பச்சையைப் பார்த்துவிட்டு, தன் வெளிர் ஊதாவைக் குனிந்து பார்த்திருப்பாள்.

அடுத்தது நாட்காட்டி. பாரிஸின் பெரிய சமூகப் பருவம் மே, ஜூன் மாதங்கள். ஜூன் இறுதியில் லோங்ஷாம் குதிரைப் பந்தயத்தோடு முடியும். ஆகஸ்டில் தையற்கூடங்கள் குளிர்காலத் தொகுப்பைக் காட்டும். அமெரிக்கக் கொள்முதலாளர்கள் அப்போதுதான் வருவார்கள். ஜூன் 4 அன்று ஒரு நிறம் ஊரை உலுக்கினால், அதைத் துணியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவர மிகச் சரியான அவகாசம் இருந்தது. அந்த வருடம் இன்னொரு தற்செயலும் சேர்ந்தது. மே 6ஆம் தேதி ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்ததால், ஜூனில் அஸ்காட் பந்தயத்துக்கு லண்டன் மேல்தட்டு முழுவதும் கறுப்பில் வந்தது. ஆங்கிலக் கால்வாயின் ஒரு கரையில் கறுப்பு, மறுகரையில் பாக்ஸ்டின் மயில் பச்சை.

மூன்றாவது, அச்சு. 'கோமேதியா இல்லுஸ்த்ரே' என்ற பத்திரிகை ரஷ்யப் பருவங்களுக்குச் சிறப்பு இதழ்கள் போட்டு, பாக்ஸ்டின் வரைபடங்களை வண்ணத்தில் வெளியிட்டது. 1911 கோடையில் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் பாக்ஸ்டுக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது. ஓபராவுக்குச் சீட்டு வாங்க முடியாத தையற்காரி அங்கே போய் நிதானமாக நின்று பார்க்கலாம். 1912இல் 'கஸெத் தியு போங் தோங்' என்ற ஆடம்பர ஃபேஷன் இதழ் தொடங்கியது. அதில் வரைந்த ஜார்ஜ் பார்பியே போன்றவர்கள் பாலே மேடையையும் ஃபேஷன் பக்கத்தையும் ஒரே கையால், ஒரே பாணியில் வரைந்தார்கள். எது நடனமணி, எது வாடிக்கையாளர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி படங்கள் வந்தன.

அமெரிக்காவுக்கு இது திருட்டு வழியில் போனது. 1911 ஜூனில் கெர்ட்ரூட் ஹாஃப்மன் என்ற நடனக்காரர் நியூயார்க்கில் 'ரஷ்யப் பருவம்' என்ற பெயரில் 'கிளியோபாட்ரா', 'ஷெஹரஸாட்' ஆகியவற்றின் அனுமதியில்லாத நகல்களை மேடையேற்றினார். தியாகிலெவின் உண்மையான குழு அங்கே போய்ச் சேர்ந்தது 1916 ஜனவரியில்தான். அதாவது அமெரிக்கப் பெண்கள் அசலைப் பார்ப்பதற்குள் ஃபேஷன் அலை வந்து ஓயத் தொடங்கியிருந்தது.

நகைக்கடையிலும் எதிரொலி கேட்டது. கார்ட்டியே நிறுவனத்தில் நீலக்கல்லையும் மரகதத்தையும் ஒட்டி ஒட்டிப் பதிக்கத் தொடங்கினார்கள். வைரமும் பிளாட்டினமுமாக வெள்ளை வெளேரென்று இருந்த காலத்தில் அது பெரிய மீறல்.

பாக்ஸ்ட் தானே நேரடியாகவும் இறங்கினார். 1912, 1913 வருடங்களில் ஜான் பாகேனின் புகழ்பெற்ற தையற்கூடத்துக்காக உடைகள் வரைந்து கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் அந்தப்புர வாசனை குறைவு. கிரேக்கப் புராணப் பெயர்கள் வைத்த, மடிப்பு விழும், நடக்க வசதியான உடைகள் அவை. 1907இல் ஓவியர் செரோவோடு கிரீஸ் முழுக்கச் சுற்றிய மனிதர்தானே. மேடைக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அவரைப் பின்பற்றியவர்களுக்கு அந்தத் தெளிவு இருக்கவில்லை.

புவாரேயின் மறுப்பு

புவாரே 1903இல் சொந்தக் கடை திறந்தார். அதே வருடம் சீன மேலங்கி போன்ற நேர்வெட்டுக் கோட் ஒன்றைக் கொண்டுவந்தார். 1906 வாக்கில் கச்சையைத் தூக்கியெறிந்து, இடுப்புக்கோட்டை மார்புக்குக் கீழே உயர்த்தினார். மெலிந்த தேகம் கொண்ட அவர் மனைவி டெனீஸ்தான் இந்த உடைகளுக்கு முதல் மாதிரி. தியாகிலெவின் நடனக்குழு பாரிஸில் கால் வைப்பதற்கு மூன்று வருடம் முந்தைய கதை இது. ஆகவே உடம்பை விடுவித்தது பாலேதான் என்று எழுதுவது தவறு.

1930இல் வெளியான தன்வரலாற்றில் அவர் இதைக் கோபமாகவே எழுதினார். ரஷ்ய பாலே தன்னைக் கவர்ந்தது உண்மை, கொஞ்சம் பாதித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் பாக்ஸ்ட் பெயர் பெறுவதற்கு வெகு முன்பே தான் பெயர் பெற்றாகிவிட்டது என்பது அவர் வாதம். நிறத்துக்கும் அவர் உரிமை கோருகிறார். வெளிறிய நிறங்கள் மேய்ந்த ஆட்டுப்பட்டிக்குள் சிவப்பு, பச்சை, ஊதா, ராஜநீலம் என்று சில ஓநாய்களை விட்டவன் நான்தான் என்கிறார்.

இதைச் சரிபார்க்க நமக்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. புவாரே தன் உடைகளைக் கலைஞர்களை வைத்து வரையச் செய்து இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார். முதலாவது 1908இல் போல் இரீப் வரைந்தது. இரண்டாவது 1911இல் ஜார்ஜ் லெபாப் வரைந்தது. நடுவில் 'ஷெஹரஸாட்'. ஒரு பரிசோதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

1908 ஆல்பத்தில் கச்சை இல்லை, உயர்ந்த இடுப்பு, நேராக விழும் அங்கி. நெப்போலியன் காலத்துக்குச் சற்று முந்தைய பிரெஞ்சு உடையின் நினைவு. நிறங்கள் தெளிவானவை, மங்கல் போய்விட்டது. ஓநாய் விஷயத்தில் புவாரே பொய் சொல்லவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு உடைக்கு ஒரு முக்கிய நிறம்தான். வெறுமையான பின்னணியில் அது அமைதியாக நிற்கிறது. 1911 ஆல்பத்தைத் திறந்தால் இறகு வைத்த தலைப்பாகைகள், திண்டுகள், கிழக்கத்திய பூக்கோலங்கள். நிறங்கள் ஒன்றையொன்று உரசுகின்றன. கடைசிப் பக்கங்களில் நாளைய பெண்கள் என்ற தலைப்பில், கால்சட்டை அணிந்த பெண்கள் வருகிறார்கள். மூன்று வருடத்தில் கோடு அதிகம் மாறவில்லை. நிறத்தின் நடத்தை அடியோடு மாறிவிட்டது.

தலைப்பாகையைப் பற்றி மட்டும் புவாரேக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில், இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், இந்தியத் தலைப்பாகைகளின் தொகுப்பைப் பார்த்து மயங்கினார். தன் தலைமைத் தையற்காரியைப் பாரிஸிலிருந்து வரவழைத்து, அங்கேயே உட்கார்ந்து அந்தக் கட்டுகளை நகலெடுக்க வைத்தார். இந்தியாவின் எந்த ஊரிலோ யாரோ ஒருவர் கட்டிய கட்டு, காலனி ஆட்சியின் கண்ணாடிப் பெட்டி வழியாக பாரிஸ் விருந்துக்குப் போனது. அந்தக் கட்டைக் கண்டுபிடித்தவருக்கு இந்தச் சண்டையில் யாரும் பங்கு கொடுக்கவில்லை.

பொதுவான ஊற்று ஒன்றும் இருந்தது. டாக்டர் மார்த்ரூ 1899 முதல் 1904 வரை வெளியிட்ட ஆயிரத்தொரு இரவுகளின் காரசாரமான பிரெஞ்சு மொழிபெயர்ப்பை பாரிஸின் படித்த கூட்டம் கொண்டாடியது. 1903இல் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இஸ்லாமியக் கலைக் கண்காட்சி நடந்தது. பாக்ஸ்டும் புவாரேயும் ஆளுக்கொரு திசையிலிருந்து இதே கனவுக்குள்தான் நுழைந்தார்கள்.

ஆனாலும் 1911 ஜூன் 24 இரவு புவாரே தன் வீட்டுத் தோட்டத்தில் நடத்திய விருந்தை நினைத்தால், அவர் மறுப்பு பலவீனமாகிறது. 'ஆயிரத்து இரண்டாவது இரவு' என்று அதற்குப் பெயர். சுமார் 300 விருந்தினர்கள். எல்லோரும் பாரசீக உடையில் வர வேண்டும். வராதவர்களுக்கு வாசலில் புவாரேயின் உடைகள் தயாராக இருந்தன, போட மறுத்தால் வெளியே போகலாம். புவாரே சுல்தான். டெனீஸ் பொற்கூண்டுக்குள் அடைபட்ட பட்டத்து ராணி. கால்சட்டைக்கு மேல் வளையம் வைத்து விரிந்து நிற்கும் குட்டைச் சட்டை போட்டிருந்தார். பாலேயில் சுல்தான், ராணி, அந்தப்புரம். இங்கேயும் அதே. பாலே முதன்முதலில் ஆடி ஒரு வருடம் கழித்து நடந்த விருந்து இது. டெனீஸின் அந்த வளையச் சட்டை 1913இல் 'லெ மினாரே' என்ற நாடகத்துக்குப் புவாரே செய்த உடைகளில் மறுபடி வந்தது; அதிலிருந்து மாலை உடையாகக் கடைக்குப் போய், விளக்குக்கூண்டு வடிவம் என்ற பெயரோடு ஊரெல்லாம் பரவியது. பாக்ஸ்ட் மேடையில் செய்ததைப் புவாரே விருந்திலும் கடையிலும் செய்தார். இதைக் களவு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாடக உடையைச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்காரக்கூடிய உடையாக மாற்றுவது தனி வித்தை. பாக்ஸ்டுக்கு அது அவ்வளவாக வரவில்லை.

கால்சட்டை மட்டும் கடைத்தெருவில் தோற்றது. 1910இல் புவாரே பரப்பிய, கணுக்காலில் இறுகும் பாவாடையில் ஒரு முழ அடி எடுத்து வைக்கவே கஷ்டம். மார்பை விடுவித்துவிட்டுக் காலைக் கட்டிவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு மாற்றாக வந்த கால்சட்டைப் பாவாடையை 1911 தொடக்கத்தில் குதிரைப் பந்தய மைதானங்களில் சில பெண்கள் அணிந்து வந்தபோது, கூட்டம் கேலி செய்து துரத்தியது. அந்தப்புரக் கால்சட்டையை மேடையில் கண்டு கைதட்டிய அதே வர்க்கம் தெருவில் அதைப் பொறுக்கவில்லை. வீட்டுக்குள், விருந்தில், மாறுவேடத்தில் போட்டால் சரி. பெண்ணுக்கு நடக்க வசதி செய்து கொடுத்த உடை அது; அதைத்தான் விரட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எதிரொலிக்காத ஒன்று

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பாலே இருக்கிறது. 1912 மே 13 அன்று ஷாத்லே அரங்கில் 'நீலக் கடவுள்' அரங்கேறியது. கதை எழுதியவர்களில் ஒருவர் ழான் கொக்தோ, இசை ரெய்னால்டோ ஹான், நடனம் ஃபோகின், உடைகள் பாக்ஸ்ட். கிருஷ்ணனை நினைவூட்டும் நீல உடலோடு நிஜின்ஸ்கி, தாமரைக் குளத்திலிருந்து எழும் தேவி, துறவியாகப் போகும் இளைஞன், மீட்கத் துடிக்கும் காதலி. 1900இல் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து ஆடிய சயாம் நடனக் குழுவின் சாயல் உடைகளிலும் அசைவுகளிலும் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் பாக்ஸ்டின் மிக நேர்த்தியான வேலைகளில் இதுவும் ஒன்று.

அதே வடிவமைப்பாளர், அதே ஊர், அதே கூட்டம், அதே கிழக்கு மோகம். ஆனாலும் சில தடவைகள் ஆடியதோடு பாலே முடங்கிவிட்டது. 'ஷெஹரஸாட்' மாதிரி ஃபேஷனை உலுக்கவும் இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் உடையின் அமைப்பிலேயே இருக்கிறது. நீலக் கடவுளின் உடைகள் விறைப்பானவை, கோயில் சிலை போல் கூர்மையான தோள்களும் கிரீடமுமாக நிமிர்ந்து நிற்பவை. பார்த்து வியக்கலாம், போட்டுக்கொண்டு உட்கார முடியாது. 'ஷெஹரஸாட்' பெண்கள் தலையணையில் சாய்ந்து கிடந்தார்கள். பார்த்த பெண்ணால் தன்னை அந்த இடத்தில் கற்பனை செய்துகொள்ள முடிந்தது. மேடை உடை ஃபேஷன் ஆவதற்குப் பார்வையாளரின் உடம்பு அதற்குள் நுழைய ஒரு வழி வேண்டும்.

யாருடைய கிழக்கு

இந்த அழகை ரசிக்கும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. மேடையில் இருந்த கிழக்கு, எந்த ஊரிலும் இல்லாத கிழக்கு. பாரசீகச் சிற்றோவியம், துருக்கி அந்தப்புரம், மத்திய ஆசியத் துணி, இந்தியத் தலைப்பாகை எல்லாம் ஒரே கலவை. அடிமைகளாக ஆடியவர்கள் உடலில் கருமை பூசிக்கொண்டார்கள். அந்தப்புரப் பெண்களின் கூட்டுக்கொலை, பாரிஸுக்கு மாலை நேரப் பொழுதுபோக்கு. பிரான்சும் பிரிட்டனும் ரஷ்யாவும் அந்த நாடுகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில் இது நடந்தது.

பாக்ஸ்டின் சொந்த நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1866இல் ரஷ்யப் பேரரசின் குரோட்னோவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்காக லூத்தரன் கிறிஸ்தவராகி, மணமுறிவுக்குப் பிறகு மறுபடி யூத மதத்துக்குத் திரும்பினார். விளைவு, பாரிஸ் அவரைக் கொண்டாடிய அதே காலத்தில், பீட்டர்ஸ்பர்க்கில் வசிக்கும் உரிமை ஒரு யூதர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. சொந்த ஊரில் அந்நியரான ஒருவர், வேற்றூரில் இன்னொரு அந்நியக் கற்பனையை வரைந்து பிழைத்தார்.

1914க்குப் பிறகு

போர் வந்ததும் அலை உடைந்தது. தலைப்பாகையும் பெரிய அச்சுக்கோலமும் சரிகைத் துணியும் 1920களுக்குள்ளும் நீடித்தன. அந்தப்புரக் கனவு நீடிக்கவில்லை. 1924 ஜூனில் தியாகிலெவ் 'லெ த்ரேங் ப்ளூ' என்ற கடற்கரை பாலேவை மேடையேற்றினார். உடைகளுக்கு அவர் போனது கோக்கோ ஷனேலிடம். பின்னல் துணியில் நீச்சலுடை, டென்னிஸ் உடை, கோல்ஃப் உடை. அந்த டிசம்பரில் பாக்ஸ்ட் காலமானார். புவாரேயின் கடை 1929இல் மூடியது. அதே வருடம் ஆகஸ்டில் தியாகிலெவ் வெனிஸில் இறந்தார்.

குழுவின் பழைய உடைப்பெட்டிகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து 1973 வரை லண்டனில் சோத்பீஸ் நிறுவனத்தில் ஏலம் போயின. அதில் ஒரு பெரும் பகுதி கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்குப் போயிற்று; இன்னொரு பெரிய தொகுப்பு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1976இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் ரஷ்ய பாலேவை நினைத்துச் செய்த குளிர்காலத் தொகுப்பு, இந்தப் பழைய மோகத்தை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுபோனது.

கான்பரா, லண்டன் இரண்டில் ஒன்றுக்குப் போக வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பல உடைகள் ஓடி ஓடி ஆடித் தேய்ந்தவை. சில, பிற்காலச் சுற்றுப்பயணங்களுக்காக மறுபடி தைத்தவை. முதலில் கிட்டப் போய்த் தையலையும் பூசிய வண்ணத்தையும் பாருங்கள். அப்புறம் அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். பாக்ஸ்ட் அந்தத் தூரத்துக்குத்தான் வரைந்தார்.